காய்ச்சி வடித்த நீர்

சேகர்,

நான் ஏழுமலையின் காலில் விழவில்லை. பஸ் நிலையத்து வெற்றிலைக் கடையிலிருந்து பிள்ளையார்பாளையம் வரை அப்படித்தான் பேச்சு என்று கேள்விப்பட்டேன். உன் சித்தப்பா இதற்குள் பிலாயில் இருக்கும் உனக்கும் எழுதியிருப்பார். நேற்றுப் பூக்காரி, யாரோ ஒரு பெரிய வீட்டு அம்மாள் டிரைவர் காலில் விழுந்த கதையை என்னிடமே சொன்னாள், ஆள் நான்தான் என்று தெரியாதவள்போல. விழவில்லை. முசரவாக்கத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றேன், நின்றபடியே பேசினேன், திரும்பி வந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. விழுந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். விழுந்தவளை யாராவது தூக்கிவிடுவார்கள், அத்தோடு பேச்சு முடிந்துபோகும். நின்றவள் சொல்லவேண்டியதை முழுக்கச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் கையெழுத்து கோணியிருப்பதை நீ இதுவரை பார்த்ததில்லை; இப்போது பார்க்கிறாய். தையில் உனக்குக் கல்யாணம். ஒரு தாய் அந்தச் சமயத்தில் எழுதவேண்டிய கடிதம் வேறு. எப்படிக் குடித்தனம் செய்யவேண்டும், மாமனார் வீட்டில் எத்தனை நாள் தங்கவேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை பேட்டரிக் கடையில் நின்ற அரைமணி நேரத்தில் அதெல்லாம் போய்விட்டது. அறுபத்திரண்டு வயதில் ஒருத்திக்குத் தன்னைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

உன் அப்பா பட்டுப்புடவை மூட்டைகளை மதராஸ் கடைகளுக்குக் கொண்டுபோன வேன் கொட்டகையில் சும்மா நிற்பதும், அதை விற்க எனக்கு மனம் வராததும் உனக்குத் தெரியும். நீ பிலாய்க்குக் கிளம்பிய அன்று, ஓடாத வண்டியில் முதலில் சாவது பேட்டரிதான் என்று சொல்லி, அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொட்டகைக் கதவின் உட்புறம் ஒட்டினாய். அந்த நாட்களில் நீ ஓர் ஆங்கில வார்த்தையும் கலக்காமல் எழுதுவது என்று விரதம் எடுத்திருந்தாய். பேட்டரி உனக்கு மின்கலம். வாரம் ஒருமுறை வண்டியைப் பத்து மைலாவது சாலையில் ஓட்டவேண்டும், நின்ற இடத்தில் இயந்திரத்தை உறுமவிட்டால் போதாது. மற்ற நாட்களில் ஒரு முனையின் கம்பியைக் கழற்றிவைக்கவேண்டும். முனைகளில் பச்சை பூத்தால் துடைத்து வாஸ்லின் தடவவேண்டும். அந்தப் பெயருக்கு மட்டும் உனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. கடைசி வரி இது: “நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றவும்.” அந்தத் தாளில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. நீ ரயில் ஏறிய மறுநாள் சிவப்பு மையால் இரண்டையும் திருத்தினேன். பொருள் புரிகிறதா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

தாளில் இருந்தபடியே எல்லாம் நடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஏழுமலை வருவான். கழற்றிய கம்பியை மாட்டுவான், திருப்புட்குழி வரை போய்த் திரும்புவான், மறுபடியும் கழற்றிவைப்பான். மற்ற நாட்களில் யார் வீட்டு டிரைவருக்காவது காய்ச்சல் வந்தால், ஊருக்குப் போனால், அந்த வண்டியை ஓட்டுவான். உன் அப்பா காலத்திலிருந்தே நம் வண்டியைத் தொட்ட ஒரே கை அவனுடையது. தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, மல் துணியை நாலாக மடித்து வடிகட்டி, ஆறவைத்து, ஆறு மூடிகளையும் திருகி, சின்னப் புனலால் ஊற்றினேன். அந்தப் பாத்திரத்தின் அடியில் வாரா வாரம் சுண்ணாம்புபோல் வெள்ளை படியும். புளி போட்டுத் தேய்ப்பேன். அந்த வெள்ளையில் கொஞ்சம் பாத்திரத்தோடு நிற்காமல் எங்கே போகிறது என்று ஒரு சனிக்கிழமையும் யோசிக்கவில்லை.

ஆரம்பத்தில் ஒருநாள் ஏழுமலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான். பேட்டரிக் கடையில் வாங்கியது, இதைத்தான் ஊற்றவேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்றான். பாட்டிலின் தோளில் விரல் வைத்தால் கோடு விழும் அளவுக்குத் தூசி. எந்தக் குழாயில் பிடித்ததோ என்று கேட்டேன். அவன் மறுபடியும் ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியும், உன் வேலை ஸ்டியரிங்கோடு என்று பொருள்படும்படி இரண்டு வாக்கியம். அவனுக்குப் புரியாது என்று தெரிந்துதான் சொன்னேன், சேகர். ஒரு பேச்சை நிறுத்த என்னிடம் எப்போதும் இருந்த கதவு அது. உன் அப்பாவிடமும் அதைச் சாத்தியிருக்கிறேன். பாட்டில் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன்.

ஆவணியில் வாலாஜாபாத்திலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வந்த நாள் உனக்குக் கடிதத்தில் பாதிதான் வந்தது. சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் வேனில் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய், அங்கிருந்து ரயிலடியில் விடுவதாக ஏற்பாடு. இரண்டு வருஷமாகத் தள்ளாமல் ஓடும் வண்டி, என் பராமரிப்பு என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே சொல்லியிருந்தேன். ஒன்பது பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ஏழுமலை சாவியைத் திருப்பினான். ஒரு முனகல், அவ்வளவுதான். ஹேண்டில் போட்டுச் சுற்றினான், சட்டை முதுகோடு ஒட்டும்வரை சுற்றினான், பிடிக்கவில்லை. உன் வருங்கால மாமனாரும் அவர் தம்பிகளும் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை வண்டியைத் தள்ளினார்கள். தறி வீடுகளில் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். “சம்மந்தி வூட்ட பாக்க வந்தவங்கள வண்டி தள்ள வுட்டாங்கபா” என்று ஒரு குரல் கேட்டது. கடைசியில் அவர்கள் மூன்று ஜட்காவில் ஏறிப் போனார்கள், கோயிலுக்குப் போகாமலே.

ஜட்காக்கள் கிளம்பும் முன்பே, அவர்கள் காதில் விழும்படி, என் பேட்டரியை மாற்றிவிட்டாய் என்று ஏழுமலையிடம் சொன்னேன். நல்லதை விற்றுவிட்டுச் செத்ததை வைத்திருக்கிறாய் என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை. வார்த்தை தயாராக இருந்தது, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. நம் தெருவில் பிறந்த ஒருவன் வண்டி ஓட்டியிருந்தால் அந்த வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்று நாலைந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்திருக்காது.

“மாத்தலமா. அதே பேட்டரிதான். மேல நம்பர் இருக்குது, பாருங்க” என்றான்.

நான் பார்க்கவில்லை. இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மறுநாள் அவன் வந்து அரைமணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றான். கதவைத் திறக்கவேண்டாம் என்று வேலைக்காரியிடம் சொன்னேன்.

புரட்டாசியில் நடந்தது நீயும் சேர்ந்து செய்தது. புதிதாகத் தடம் எடுத்திருக்கும் பஸ் முதலாளி ஏழுமலையை நிரந்தர டிரைவராக வைத்துக்கொள்ள நினைத்து, இவ்வளவு நாள் வேலை செய்த இடத்தில் நடத்தை எப்படி என்று கேட்டு எழுதினார். நான் நல்ல தாளில், நல்ல ஆங்கிலத்தில், அவன் பேட்டரி திருடியவன் என்று ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு கமா தப்பில்லை. வண்டி உன் பெயரில் இருப்பதால் உன் வார்த்தையும் வேண்டும் என்று அவர் உனக்கும் எழுதினார். “என் தாயார் எழுதியதே என் கருத்தும்” என்று நீ ஒரே வரி எழுதிப் போட்டாய். நீ பிலாயில் முப்பது பேருக்கு மேஸ்திரியாக இருக்கிறாய். பேட்டரி எண்ணைப் பார்த்தாயா அம்மா என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கக்கூடாது என்று உன்னை வளர்த்தவள் நான், அதனால் உன்னைக் கோபிக்க எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது.

அந்தப் பாதியும் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, வவ்வால் என்று எழுதினாய். வௌவால் என்பதே சரி என்று நான் அடித்துத் திருத்தினேன். வாத்தியார் இப்படித்தான் சொன்னார் என்று நீ அழுதாய். ஐம்பது முறை எழுதவைத்தேன். மறுநாள் உன் வாத்தியார் தெருவில் என்னைப் பார்த்து, இரண்டும் சரிதான் அம்மா என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதை உன்னிடம் நான் சொல்லவேயில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். இரண்டும் சரி.

இனிக் கடைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு வண்டி வேண்டும், புதுப் பேட்டரி வாங்கவேண்டும். அதோடு பழையது மாற்றி வைத்ததுதான் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கிவிடலாம் என்றும் எண்ணினேன். யாரும் என்னிடம் சான்று கேட்கவில்லை. என் வார்த்தையே போதும் என்று ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. சான்றை வைத்திருப்பது என் பழக்கம். உன் அப்பா பெட்டியிலிருந்து பேட்டரி வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு, பேட்டரியை ஜட்காவில் வைக்கோல் மேல் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்கார பாய் துணியால் மேலே துடைத்தார். ரசீதில் இருந்த எண்ணும் பேட்டரியில் பொறித்திருந்த எண்ணும் ஒன்றே. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தேன். ஒவ்வோர் இலக்கமும் அதே.

அது முதல் அடி. பாய் மூடிகளைத் திறந்து, உள்ளே மிதவை இருக்கும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வோர் அறையிலிருந்தும் உறிஞ்சிப் பார்த்தார். பேட்டரியில் உயிர் இருந்தால் மிதவை மேலே எழும்புமாம்; ஆறிலும் அடியிலேயே கிடந்தது. பிறகு டார்ச் அடித்துக் காட்டினார். தகடுகள் மேல் வெள்ளை பூத்து, கீழே சேறு.

“இன்னா தண்ணிமா ஊத்திக்கினு இருந்தீங்க?”

“காய்ச்சி வடிச்ச தண்ணி. என் கையால.”

“எதுல வடிச்சீங்க?”

“மல் துணியில, நாலு மடிப்பு.”

கடையில் இருந்த யாரோ சிரித்தார்கள். பாய் அந்தப் பக்கம் முறைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “காய்ச்சி வடிக்கறதுன்னா கஞ்சி வடிக்கற மாதிரி இல்லமா. ஆவிய புடிச்சு அத தண்ணியாக்கறது. டிஸ்டில் வாட்டர்.”

அந்த இரண்டு ஆங்கில வார்த்தைகள் போதுமாயிருந்தன. கான்வென்டில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் மேஜைமேல் குடுவையைச் சூடாக்கியதும், ஆவி வளைந்த குழாய்க்குள் போனதும், குளிர்ந்து சொட்டுச் சொட்டாக மறுபக்கம் விழுந்ததும் நேற்று நடந்ததுபோல் வந்தன. அந்தப் படத்தை வரைந்து வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள் நான். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது தமிழில் எனக்குத் தெரியவில்லை. வடித்தல் என்றால் சோறு வடிப்பது, துணியில் வடிப்பது என்றே என் கைக்குத் தெரியும். அங்கே பேட்டரிக்குக் காத்திருந்த ஒரு சாயக்காரர், கேலியாகக்கூட இல்லை, நிஜமான ஆச்சரியத்தில் கேட்டார்: “நம்ம கெணத்துத் தண்ணில பட்டே தோய்க்க மாட்டோமே, சாயம் சரியா புடிக்காது. அத காய்ச்சினா உப்பு இன்னும்தானமா ஏறும்?” ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நான்தான் கொன்றேன், வாரா வாரம், புனல் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல்.

உன் அப்பாவோடு வெளியே போனால் எனக்கு மானம் போகும். பத்தடிக்கு ஒருவரிடம் வழி கேட்பார். தெரிந்த தெருவிலும் கேட்பார். இளநீர் விற்பவரிடம் கேட்பார், பிறகு அதையே சைக்கிளில் வருபவரிடமும் கேட்பார். தெரியாதவன் என்று நினைக்கமாட்டார்களா என்று கேட்டால், தெரியாதவன்தானே என்பார். அதை நான் படிப்புக் குறைவு என்று வைத்திருந்தேன். நாற்பது வருஷம் அப்படியே வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் முசரவாக்கம் போனேன். ஏழுமலையின் வீடு எது என்று சாலையோரம் நின்றவர்களைக் கேட்டபோது, ஒருவர் “எந்த ஏழுமல? பேட்டரி ஏழுமலையா?” என்றார். என் வாயிலிருந்து ஒருநாள் வந்தது அவனுக்கு இரண்டு மாதத்தில் பெயராகிவிட்டது. வண்டி ஓட்டக் கூப்பிடுவதையும் எல்லோரும் நிறுத்திவிட்டார்களாம். காலனியில் மூன்றாவது வீடு. அவன் கூரைக்கு ஓலை செருகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கினான், ஆனால் அவசரமில்லாமல் இறங்கினான். எண் ஒன்றே என்று சொன்னேன். தண்ணீர் என் தவறு என்று சொன்னேன். உன்னைத் திருடன் என்றது பொய் என்று சொன்னேன். நான்கைந்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தேன்.

அவன் மனைவி கன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “இங்கிலீஷ்ல எழுதினீங்களாமே, எட்டாவது படிக்கற எங்க பொண்ணாலகூட படிக்க முடியாத மாதிரி. இப்ப சொன்னத எந்த பாஷைல எழுதுவீங்க?” என்றாள். அவளை யாரும் அடக்கவில்லை. தமிழில் எழுதுகிறேன் என்றேன்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது, சேகர். அதைக் கேட்காமல் வந்திருக்கலாம். நான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை அவன் இரண்டு வருஷமாகப் பார்த்தவன். அன்று பெண் வீட்டார் முன்னால், நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதற்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் நம் மானம் போகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டான் என்று நம்பி, கண்கூடக் கலங்கியிருந்தேன். அதை அவனிடம் கேட்டேன்.

“இல்லமா. சொன்னா யாரு நம்புவாங்கன்னு சும்மா இருந்தேன். நீங்க படிச்சவங்க” என்றான்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சியை நான் இந்த வாரத்தில் பார்க்கவில்லை, இந்த ஆயுளிலும் பார்த்ததாக ஞாபகமில்லை. என் படிப்பை அந்த மனிதன் ஒரு சுவராகத்தான் பார்த்திருக்கிறான். மறுபடியும் வேலைக்கு வா என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொல்லிவிட்டான், வரமாட்டேன் என்று. “எழுதினத மாத்தி எழுதிக் குடுங்க, அது போதும்” என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, வாசலை விட்டு நகரும்போது சற்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அன்றே பஸ் முதலாளிக்குத் தமிழில் எழுதி, வேலைக்காரியின் கையில் கொடுத்தனுப்பினேன். அவர் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. வண்டி உன் பெயரில் இருக்கிறது, உன் கையெழுத்திட்ட வரி அவரிடம் இருக்கிறது, அதை நீயே திரும்பப் பெற்றால்தான் ஏழுமலையை வைத்துக்கொள்ள முடியும் என்கிறார். புதுப் பஸ் கார்த்திகை முதல் தேதி ஓடத் தொடங்குகிறது. அதுவரை அந்த இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டாராம். இன்று ஐப்பசி பன்னிரண்டு.

உன் கல்யாணத்துக்கு என்று நான் சேர்த்து வைத்திருந்த புத்திமதிகளில் இப்போது ஒன்றுதான் மிச்சம். வரப்போகும் பெண் ஏதாவது ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்டால் சிரிக்காதே. அவள் கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று யோசி. அவள் அப்பாவுக்கு நான் தனியாக எழுதிவிட்டேன், அவர் தள்ளிய வண்டியைக் கெடுத்தவள் நான்தான் என்று. இதைக் கேட்டுக் கல்யாணத்தை யோசிப்பதானால் யோசிக்கட்டும். வண்டியில் புதுப் பேட்டரி இருக்கிறது, கடைப் பாட்டில் தண்ணீர் இருக்கிறது, வாரம் ஒருமுறை ஓட்ட இன்னும் ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் என்னிடம் வரத் தயங்குகிறார்கள். ஓட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை பேட்டரியை மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார் பாய், கடையிலேயே சார்ஜ் ஏற்றித் தருவாராம். அப்படியே செய்கிறேன்.

முதலாளியின் விலாசத்தை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். உன் கடிதம் தமிழில் இருக்கட்டும், எளிய தமிழில், கன்னியம்மாளின் பெண் படித்தாலும் புரியும்படி. அம்மா சொன்னாள் என்று எழுதாதே. “நான் விசாரிக்காமல் எழுதினேன், அது தவறு” என்று எழுது. தந்தி வேண்டாம், டிரங்க் கால் வேண்டாம், கல்யாணத்துக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். அவருக்கு எழுதித் தபாலில் சேர்த்த அன்றே எனக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. என்ன எழுதினாய், எந்தத் தேதியில் போட்டாய் என்று அதில் இருக்கட்டும். உன் பதிலை எழுத்தில் அனுப்பு.

அம்மா